சமோவாவின் ஓரெழுத்து

சென்னையிலிருந்து சமோவாவுக்கு நேர்வழி கிடையாது. பெரும்பாலும் கடைசியில் நியூசிலாந்தின் ஆக்லாந்திலோ பிஜியின் நாந்தியிலோ விமானம் மாற வேண்டிவரும். நான் நாந்தி வழியாகப் போனேன். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் ஆட்களின் வாரிசுகள் எழுப்பிய சிவசுப்பிரமணியர் கோயில் அங்கே இருக்கிறது. வண்ண வண்ணமான அந்தக் கோபுரத்தடியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வடகிழக்கே பறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபலேயோலோ விமான நிலையம்.

உலகத்தில் முதலில் பொழுது விடியும் நாடுகளில் சமோவாவும் ஒன்று. 2011 வரை கடைசியில் விடியும் நாடுகளில் ஒன்றாக இருந்தது. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் செய்யத் தோதாகத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவிவிட்டார்கள். அதனால் 2011 டிசம்பர் 30 என்ற நாளே சமோவாவின் நாட்காட்டியில் கிடையாது. 2013-ல் சமோவா ஏர் என்ற சிறு விமான நிறுவனம் பயணிகளை நிறுத்துப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டது. உலகப் பத்திரிகைகள் கேலியும் கிண்டலுமாக எழுதித் தள்ளின. சமோவா என்றாலே பருத்த உடல்கள் என்று வெளியுலகம் முடிவு கட்டியிருந்த காலம் அது.

என் பிழைப்பு உயிர்த்தகவலியல். ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி, கண்ணாடிக் குழாய் எதுவும் என் மேசையில் கிடையாது. கணினியும், டி.என்.ஏ.வின் ஆ, தை, குவா, சை என்ற நான்கு எழுத்தில் ஓடும் நீண்ட வரிசைகளும்தான். உடல் பருமனுக்குக் காரணமான மரபணுக்களில் மருந்து தொடத் தக்கது எது என்று தேடுவது வேலை. அந்தத் தேடலில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் க்ரெப்ஆர்எஃப். அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும் மனிதர்கள் சமோவாவில் ஏராளம். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் அநேகமாக யாருமே இல்லை. திரையில் பல காலம் பார்த்த அந்த எழுத்தை அதன் சொந்த ஊரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஃபலேயோலோவிலிருந்து தலைநகர் ஆப்பியாவுக்குக் கடலோரமாகவே சாலை போகிறது. ஒருபக்கம் பவளத்திட்டுக்குள் அடங்கிய பச்சைக் கடல், மறுபக்கம் கிராமம் விட்டுக் கிராமம். ஒவ்வொரு கிராமத்திலும் ஊருக்குப் பொருந்தாத பெரிய வெள்ளைத் தேவாலயம். வீட்டு முற்றத்திலேயே முன்னோர்களின் கல்லறைகள். சில கல்லறைகளின்மேல் துணி உலர்கிறது, பிள்ளைகள் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். ஃபலே என்கிற பழைய பாணி வீடுகளுக்குச் சுவரே இல்லை. வட்டமாகத் தூண்கள், மேலே கூரை, தரையில் பாய். யார் தூங்குகிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்பது பேருந்தில் போகிறவருக்கும் தெரியும். அந்தப் பேருந்துகளோ மரத்தால் கட்டி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசி, பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓடுகின்றன. இடம் நிறைந்துவிட்டால் முன்பின் தெரியாதவரின் மடியில் உட்கார்ந்துகொள்வது அங்கே வழக்கம். என் மடியில் யாரும் உட்காரவில்லை. என் எலும்பைப் பார்த்து இரங்கியிருப்பார்கள்.

அந்த உடல்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் உறைத்தது அவற்றின் வாகு. பருமன் மட்டும் அல்ல அது. தோள் அகலம், கெண்டைக்கால் திரட்சி, ரக்பி மைதானத்தில் நூறு கிலோ இளைஞன் ஓடுகிற வேகம். நம் ஊரில் ‘தொப்பை’ என்றதும் நினைவுக்கு வரும் உடம்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தீவு முழுக்கப் புகை எழுகிறது. உமு அடுப்பு மூட்டும் நேரம். நான் தங்கிய விடுதியை நடத்திய அம்மாவின் வீட்டில் அந்த வேலை பையன்களுடையது. விறகின்மேல் கருங்கற்களை அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். கல் பழுத்ததும் கொள்ளியை இழுத்துவிட்டுக் கற்களைப் பரப்பி, பச்சை ஈரப்பலாவையும் தோல் சீவிய சேப்பங்கிழங்கையும் நேரடியாக அதன்மேல் வைக்கிறார்கள். ஒருவன் குள்ளமான மரப்பலகையில் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து, அதன் முன்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பல்லில் தேங்காய் துருவினான். துருவலை ஒரு கற்றை மரப்பட்டை நாரில் சுருட்டி முறுக்க, தண்ணீர் கலக்காத முதல் பால் கெட்டியாக இறங்கியது. இளஞ் சேம்பிலைகளைக் குழிவாக உள்ளங்கையில் அடுக்கி, அந்தப் பாலும் உப்பும் வெங்காயமும் ஊற்றி, இலையின் ஓரங்களைக் கூட்டி மூடி, மேலே ஈரப்பலா இலை சுற்றிக் கல்லின்மேல் வைத்தார்கள். அதுதான் பலுசாமி. எல்லாவற்றையும் வாழை இலையால் போர்த்திவிட்டுக் குளித்து, வெள்ளை உடுத்தித் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது வெந்திருந்தது. சேம்பிலை கரைந்து பாலோடு ஒன்றாகிவிட்டிருக்க, கிழங்கைப் பிட்டு அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

இலையைப் பிரித்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: “நீ என்ன வேலை செய்கிறாய்?” சொன்னேன். “ஓ, அந்த ஆட்களா! எங்கள் பக்கத்துக்கும் வந்தார்கள். இடுப்பை நாடா வைத்து அளந்தார்கள், எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி.”

அவர் சொன்னது 2010-ஆம் ஆண்டின் ஆய்வை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மெக்கார்வி பல பத்தாண்டுகளாகச் சமோவாவில் ஆய்வு செய்தவர். அவரும் சமோவாவின் சுகாதார அதிகாரிகளும் மருத்துவர்களும் சேர்ந்த குழு 33 கிராமங்களுக்குப் போனது. அப்போது பொலினேசிய உடல்வாகுக்கென வகுத்த தாராளமான அளவுகோலில் பார்த்தும், ஆண்களில் 80 விழுக்காட்டினரும் பெண்களில் 91 விழுக்காட்டினரும் கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள். அந்த 33 கிராமங்களில் திரட்டியவற்றில் 3,072 பேரின் டி.என்.ஏ. கணினிக்குப் போனது. முடிவு 2016-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்தது. முதல் ஆசிரியர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ரயன் மின்ஸ்டர்.

கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் என்ன எழுத்து இருக்கிறது என்று ஒரு சில்லு படித்துத் தருகிறது. எடை கூடியவர்களிடம் எந்த எழுத்து மிகுந்திருக்கிறது என்று ஒவ்வோர் இடமாகக் கணக்குப் பார்ப்பார்கள். இத்தனை லட்சம் கேள்வி கேட்டால் தற்செயலாகவே ஆயிரக்கணக்கான பொய்ப் பதில்கள் ‘ஆம்’ என்று வந்து விழும். அதனால் தற்செயலாய் நிகழும் வாய்ப்பு 2 கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்தான் அந்த இடத்தை நம்புவது இத்துறையின் வழக்கம். தீவில் இன்னொரு சிக்கல்: ஊரெல்லாம் உறவு. இரண்டு பேருக்கு ஒரே எழுத்து இருப்பது எடையால் அல்ல, ஒரே கொள்ளுத்தாத்தாவால் இருக்கலாம். யார் யாருக்கு எவ்வளவு சொந்தம் என்பதை டி.என்.ஏ.விலிருந்தே கணித்துக் கழித்த பிறகுதான் மிச்சத்தைப் பார்க்க முடியும்.

மிஞ்சியது 5-ஆவது குரோமோசோமில் ஓரிடம். இந்த முறை தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. சுட்டிய எழுத்து இரண்டு மரபணுக்களுக்கு நடுவே, வெற்றிடத்தில் இருந்தது. ஆகவே தேர்ந்தெடுத்த 96 பேருக்கு அந்தப் பகுதி முழுவதையும் எழுத்து விடாமல் படித்தார்கள்; மற்றவர்களுக்கு அக்கம்பக்கத்து எழுத்துகளை வைத்துக் கணினி ஊகித்தது. அப்போது அகப்பட்டது க்ரெப்ஆர்எஃப் மரபணுவுக்குள் ஒரு குவா இருக்க வேண்டிய இடத்தில் ஆ. அதனால் 639 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தில் 457-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் குளுட்டமின் வந்து உட்கார்கிறது. பரிணாமத்தில் லேசில் மாறாத இடம் அது என்று உயிரின ஒப்பீட்டுக் கணிப்புகள் சொல்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நேரும் மாற்றத்தை அலட்சியம் செய்யக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

சமோவாவில் நூறு பேரில் ஏறத்தாழ 45 பேரிடம் இந்த எழுத்து ஒரு பிரதியாவது இருக்கிறது. ஒரு பிரதி இருந்தால், உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. சுமார் 1.36 கூடுகிறது, ஐந்தரை அடிக்குச் சற்று மேலிருப்பவருக்கு ஏறக்குறைய 4 கிலோ. 2007-ல் ஐரோப்பியர்களிடம் கண்டுபிடித்து உலகமெல்லாம் பேசிய எஃப்டிஓ மரபணுவின் விளைவு இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் எலியின் கொழுப்பு உயிரணுக்களுக்கு இந்த மாறிய புரதத்தைக் கொடுத்தபோது அவை கொழுப்பை அதிகம் சேர்த்தன, ஆற்றலைக் குறைவாகச் செலவிட்டன.

இதுவரை கேட்ட எவரும், சரி, இதுதான் எதிரி, இதை அடக்க மருந்து செய்யலாம் என்றுதான் சொல்வார். ஆனால் அதே கட்டுரையின் இன்னொரு அட்டவணை, இந்த எழுத்துள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடவில்லை, குறைகிறது என்கிறது. ஒரு பிரதிக்கு நான்கில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை குறைவு. எடையைக் கூட்டும் எழுத்தே சர்க்கரையிலிருந்து காக்கவும் செய்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது விளங்கிக்கொள்ளக் கடினமான செய்தி அல்ல. நம் கதையைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். புனேயின் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்து தெரியும் இந்திய உடலில் கொழுப்பு வேண்டாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. வேட்டி இடுப்பில் நிற்காத மனிதருக்கும் சர்க்கரை வருகிறது. சமோவாவிலோ எடை கனத்தவர் ஒருவகையில் காவலோடு பிறந்திருக்கிறார். எடையும் நோயும் சேர்ந்து நடக்கும் சங்கதி என்று நாம் நம்பியிருந்தது இந்தத் தீவில் பிரிந்து நிற்கிறது.

இதையெல்லாம் சேப்பங்கிழங்கு ஆறும் வரை அந்த அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்படியானால் அது நல்லதா, கெட்டதா?” அவருடைய தமக்கை சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பல நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறவர்.

மறுநாள் முலிஃபனுவாவில் படகேறிப் பெரிய தீவான சவாயிக்குப் போனேன். படகு நிற்கும் அந்தத் துறைக்கடியில்தான் சமோவாவின் மிகப் பழைய தடயம் கிடந்தது. 1973-ல் துறைமுகத்துக்காகக் கடலடியைத் தோண்டியபோது லபிட்டா மக்களின் மண்பாண்டத் துண்டுகள் மேலே வந்தன. ஏறத்தாழ 2,800 ஆண்டுப் பழமை. மேற்கிலிருந்து தோணிகளில் கிழங்கும் ஈரப்பலாவும் கோழியும் ஏற்றிக்கொண்டு வந்திறங்கிய முதல் குடிகள். ஒரு சிறு கூட்டத்தில் எவர் உடம்பிலோ இருந்த எழுத்து, பெருகிய சந்ததியில் பரவிவிட்டது. தற்செயலாகப் பரவியதா, பசியைத் தாங்கும் உடலுக்குக் கிடைத்த சலுகையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1962-ல் ஜேம்ஸ் நீல் சிக்கன மரபணு என்றொரு கருதுகோளைச் சொன்னார்: பஞ்சத்தில் பிழைக்க உதவிய சேமிப்புக் குணமே மிகுதியான காலத்தில் நோயாகிறது என்பது அது. க்ரெப்ஆர்எஃப் எழுத்தைச் சுற்றி இயற்கைத் தேர்வின் சுவடுகள் தெரிவதாக 2016-ன் கட்டுரையும் சொன்னது. ஆனால் நீலின் கணக்கில் சேமிப்புக்குச் சர்க்கரை நோய்தான் வட்டி. இந்த எழுத்து அந்த வட்டியைக் கேட்கவில்லை.

சவாயியின் தென்கரையில் தாகா என்ற ஊரில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைக்குள் குழாய்போலத் துளைகள். அலை அடியில் முட்டும்போது தண்ணீர் பனைமர உயரம் பீறிடுகிறது. ஒரு கிழவர் காத்திருந்து, அலை வரும் கணத்துக்குச் சற்று முன்பு துளைக்குள் ஒரு தேங்காயை வீசினார். காய் வானத்துக்குப் போனது. கூட்டத்தில் ஒருவர் தவறாமல் நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டோம். கணத்தைப் பிசகாமல் பிடிக்கும் அந்தக் கை எழுபது வயதைத் தாண்டியது; உடல் என் உடலைப்போல் இரண்டு மடங்கு.

திரும்பும் வழியில் கிராமத்துக் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தேன். அலமாரி நிறையத் தகரடப்பா மாட்டிறைச்சி, நூடுல்ஸ், சர்க்கரைப் பானங்கள். உறைபெட்டியில் நியூசிலாந்திலிருந்து வரும் கொழுப்பு மண்டிய ஆட்டு விலா. வான்கோழி வாலை 2007-ல் சமோவா தடை செய்தது. 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்காக அந்தத் தடையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எழுத்து மிகப் பழசு. பருமன் சில பத்தாண்டுப் புதுசு. இரண்டையும் கலந்து ‘சமோவாவின் குண்டு மரபணு’ என்று தலைப்புப் போட்டவர்கள் இந்தக் கடைகளுக்குள் வந்ததில்லை போலும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு மருந்து தேடுபவரின் பதிலைச் சொல்ல வேண்டும். எடையைக் கூட்டும் மரபணு என்று தெரிந்தவுடன் அதை முடக்கப் புறப்படுவது அவசர வேலை. முடக்கினால் காவலும் போய்விடலாம். காவல் எந்த வழியாக வருகிறது என்று பார்த்து, அந்தப் பாதியை மட்டும் போலச் செய்யும் மருந்துதான் தேட வேண்டியது. நியூசிலாந்தில் மாவோரி, பசிபிக் வம்சாவளி ஆண்களிடம் நடந்த ஆய்வுகளில் இரண்டு தடயங்கள் கிடைத்தன: இந்த எழுத்து உள்ளவர்களின் கணையம் சர்க்கரை ஏறியதும் முந்திக்கொண்டு இன்சுலின் விடுகிறது, தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் அவர்களிடம் குறைவு. அந்தத் தோள்களையும் கெண்டைக்கால்களையும் நினைத்துக்கொண்டேன்.

க்ரெப்ஆர்எஃப் மருந்துக்கு எளிதில் பிடிகொடுக்கும் ரகம் அல்ல. உயிரணுவுக்கு உள்ளே மற்ற மரபணுக்களை ஆட்டிவைக்கும் சீராக்கி அது. மருந்துகள் சுலபமாகத் தொடுபவற்றில் முக்கியமானவை உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பிகள். எம்சி4ஆர் என்ற ஏற்பி அப்படிப்பட்டது. பசியை அடக்கும் பாதையில் அரிதான மரபுக் குறை உள்ளவர்களுக்காக அதைத் தூண்டும் செட்மெலனோட்டைட் என்ற மருந்துக்கு 2020-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2021-ல் பிரிட்டன், அமெரிக்கா, மெக்சிகோ நாடுகளின் 6,45,626 பேரின் மரபணுக்களைப் படித்தபோது ஜிபிஆர்75 என்ற ஏற்பி சிக்கியது. அதன் ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு நான்கு பேர். அவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு 54 விழுக்காடு குறைவு. அங்கே அடக்குவதுதான் வழி. க்ரெப்ஆர்எஃபுக்கோ அதனோடு உறவாடும் புரதங்களின் வலைப்பின்னலைக் கணினியில் விரித்து, மாத்திரைக்கு எட்டும் அண்டை அயலைத் தேட வேண்டும். மனித மரபணுச் சான்று பின்னால் நிற்கும் மருந்து முயற்சிகள், அது இல்லாதவற்றைவிட 2.6 மடங்கு அதிகம் வெற்றி பெறுவதாக 2024-ல் ஒரு கணக்கு வந்தது. அதனால்தான் இத்தனை மெனக்கெடல்.

ஆனால் உலகத்தின் மரபணுத் தேடல்களில் பங்கெடுத்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. பிரிட்டனின் லட்சக்கணக்கான மாதிரிகளை எத்தனை பெரிய கணினியில் போட்டுச் சலித்தாலும் இந்த எழுத்து விழாது. அங்கே அது அநேகமாக இல்லவே இல்லை. மொத்தம் சுமார் 2 லட்சம் பேர் வாழும் தீவுகளில், மூவாயிரம் பேர் கையை நீட்டியதால்தான் தெரிந்தது. என் மென்பொருளின் கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கிளம்பும் நாளில் அந்த அம்மா கொக்கோ வறுத்து இடித்துக் காய்ச்சிய கெட்டிப் பானத்தைக் கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தார். நான் பதிலைச் சொன்னேன்: எழுத்து நல்லதுதான், அதில் பாதியை உலகத்துக்குக் கடன் கேட்கிறோம் என்று. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே. மருந்து வந்தால் எங்களுக்கு என்ன விலைக்குத் தருவார்கள்?”

இலவசமாகத் தர வேண்டும் என்றேன். இரக்கத்தால் சொன்னதல்ல. மருந்துக் கம்பெனிகள் கோடி கோடியாய்ச் செலவழித்துத் தேடும் முதல் துப்பு, அவருடைய ஊராரின் இரத்தத்தில் இருந்தது. அதற்கு விலை போட்டால் அந்தக் கணக்கில் சமோவாவின் பெயர் வரவுப் பக்கத்தில்தான் வரும்.